படைத்தலும் படையலும்

தமிழில் ‘படைத்தல்’ என்னும் சொல் மூன்று பொருள் தருவது. இல்லாத ஒன்றை ஆக்குதல் படைத்தல். ஆக்கியதைப் பிறர்முன் அன்போடு வைத்தலும் படைத்தல். படையல் என்கிறோமே, அது. செல்வம் படைத்தோர், அறிவு படைத்தோர் எனும்பொழுது உடைமையும் படைத்தலே ஆகின்றது. இவை ஒரு சொல்லில் அடங்கிய வரலாற்றை மொழிநூலார் ஆராய்க. மாந்தர் வாழ்வில் இம்மூன்றும் எங்கே உறவாடுகின்றன, எங்கே பகைக்கின்றன என்பதே ஈண்டு நாம் எண்ணத்தக்கது.

நம்மவர்க்கு இச்சொல்லின்மேல் ஒரு கசப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. ‘படைத்தவன்’ ஒருவன் இருக்கின்றான், அவன் தன் முகத்தினின்று சிலரையும் பாதத்தினின்று சிலரையும் படைத்தான் என்று சொல்லியே நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் எடுப்பித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் முதலாவதே பிரமன் முதலிய மூவரையும் மறுப்பது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலிலும், படைத்தவன் ஒருவன் உளன் என்னும் கொள்கையை அவர் விரிவாக எடுத்து மறுத்துள்ளார். படைத்தவனை விட்டோம், நன்று. படைப்பையும் அவனோடு அனுப்பிவிட வேண்டுமோ? வேண்டா. விண்ணிலிருந்த படைப்பு இப்பொழுது மண்ணுக்கு இறங்கி மாந்தர் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. அக்கையை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதே கேள்வி.

கோலார் தங்கவயலில் ஒரு விசாகப் பௌர்ணமியன்று நடந்தது இது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஏரிக்கரைக் களிமண்ணைப் பிசைந்து தானே செய்த புத்தர் உருவம் ஒன்றைத் தாமரை இலையில் ஏந்தி வந்தாள். ஒரு செவி நீண்டும் ஒரு செவி குறுகியும் இருந்தன. கண்ணுக்குக் குன்றிமணி பதித்திருந்தாள். பீடத்தில் வைக்கப் போனவளைப் பெரியவர் ஒருவர் தடுத்தார். “அம்மா, இது பிள்ளையாருக்கு வைக்கிற கண். இங்கே ஆகாது” என்றார். உருவம் மேசைக்கு அடியிற் சென்றது. பீடத்திலே கடையில் வாங்கிய, பொன்வண்ணம் பூசிய சிலை மட்டும் வீற்றிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது பழங்கதை. புத்தர் பிடிக்கப் பிள்ளையார் ஆனதோ என்று சிலர் நகைத்தனர். குழந்தை நகைக்கவில்லை.

பெரியவரின் அச்சம் பொருளற்றது அன்று. கணபதியை வணங்கேன் என்பதும் அவ்வுறுதிமொழிகளுள் ஒன்று. விட்டுவந்த பழக்கம் பின்வாயிலால் நுழையும் என்று காவல் நிற்பது அவர் கடமை. ஆயினும் அவர் காத்தது எதனை? தெய்வம் என்று எண்ணி நாம் எவ்வுருவையும் வணங்குவதில்லை. சாஞ்சியில் கல் செதுக்கிய பழைய சிற்பிகள் பகவனை வெற்று ஆசனமாகவும் போதி மரமாகவும் அறவாழியாகவுமே காட்டினர். பின்னர் வந்த காந்தாரச் சிற்பி யவனச் சாயலில் சுருள்முடியும் மடிப்பாடையும் தந்தான். நாகப்பட்டினத்துக் கன்னான் முடிமேல் தீச்சுடர் ஒன்றை ஏற்றினான். அவரவர் கைக்கு எட்டிய உருவம் அவரவர் தந்தது. இச்சிறுமியின் கைக்கு எட்டியது குன்றிமணி. பகவனுக்குக் கண் வேண்டும் என்று அவள் எண்ணினாள். அண்டை வீட்டில் மண்ணுருவிற்குக் கண் வைத்த முறையை அறிந்திருந்தாள். இதில் கணபதி எங்கே வந்தார்?

அசோகாவதானத்தில் ஒரு கதை உண்டு. வரலாறு அன்று, அவதானக் கதை. எனினும் காந்தாரச் சிற்பிகள் பலமுறை கல்லிற் பொறித்த அளவுக்குப் பெருமை பெற்றது. இராசகிருகத்துத் தெருவில் மண்வீடு கட்டி விளையாடிய இரு சிறுவர், பிச்சையேற்று வந்த பகவனைக் கண்டனர். சயன் என்பவன், இது மாவு என்று மனத்திற் கொண்டு, ஒரு பிடி மண்ணைப் பாத்திரத்தில் இட்டான். விசயன் என்னும் மற்றவன் கைகூப்பி மகிழ்ந்தான். பகவன் பாத்திரத்தைப் பின்னிழுக்கவில்லை. அச்சயனே பிற்பிறப்பில் அசோகன் ஆனான் என்கிறது கதை. சேதனையே, அஃதாவது மனத்தின் நினைந்த எண்ணமே, கருமம் என்று அங்குத்தர நிகாயத்தில் பகவன் அருளியதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ? தொட்ட கையைக் கேட்டு நீரை மறுத்த நாட்டிலே, கையையும் பொருளையும் கடந்து எண்ணத்தை ஏற்ற பாத்திரம் அது. அந்தப் பாத்திரத்தின் வழியினர் ஒரு குழந்தையின் கைப்படையலை மேசைக்கு அடியில் வைப்பது எனக்கு உடன்பாடு அன்று.

ஆனால் கதை அவ்வளவில் நிற்கவில்லை. அரசனான பின் அசோகனுடைய மேனி சொரசொரப்பாய் இருந்ததற்கும் அந்த மண்ணையே காரணமாகச் சொல்கிறார் கதையாசிரியர். எண்ணம் தூயது எனினும் மண் மாவாகிவிடவில்லை. ஆதலின், குழந்தை செய்ததெல்லாம் அழகே என்று பொய்ப்புகழ் கூறுதலும் அறமன்று. செவி இரண்டையும் ஒத்துச் செய்யும் வகையை அவளுக்குக் கற்பிக்கலாம். களிமண் வெடியாதிருக்க நிழலில் உலர்த்தச் சொல்லலாம். பீடத்தில் வைத்துவிட்டுக் கற்பிப்பது வேறு. தள்ளிவிட்டுக் கற்பிப்பது வேறு.

இனி மூன்றாம் பொருளாகிய உடைமை. சங்யுத்த நிகாயத்தில் இராதர் என்னும் பிக்குவுக்குப் பகவன் காட்டும் உவமையிலும் மண்வீடு வருகின்றது. சிறுவர்கள் தாம் கட்டிய மண்வீட்டின்மேல் பற்று உள்ளவரை அதனைப் போற்றி, என்னது என்று காக்கின்றனர். பற்று நீங்கியதும் கையாலும் காலாலும் தாமே சிதைத்துவிடுகின்றனர். இராசகிருகத்துச் சிறுவனோ மண்ணைக் காக்கவும் இல்லை, சிதைக்கவும் இல்லை, கொடுத்தான். பற்றை விடுவதற்குக் குழந்தை அறிந்த வழி அதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது. செய்த பொருளைக் கொடுத்தவுடன் அவள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, வைத்திருந்தபொழுது தோன்றியதினும் பெரிது. பெற்றோர் இதனைக் கண்டிருப்பர்.

தங்கவயலார்க்கு இதனை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இறங்கிப் பொன்னெடுத்த கைகள் நம்மவருடையவை. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபொழுது அக்கைகளில் பொன் இல்லை. எடுத்தவர் வேறு, ‘படைத்தோர்’ வேறு.

படைத்தோருள் எல்லாம் தலையாய அசோகனுடைய இறுதி நாட்களையும் அவ்வவதானமே கூறுகின்றது. கொடுத்துக் கொடுத்துக் கருவூலம் குறைய, அமைச்சர் கதவடைத்தனர். அரசன் கையில் எஞ்சியது பாதி நெல்லிக்கனி. அதனையும் குக்குடாராமத்துச் சங்கத்திற்கு அனுப்பினான். தேரர் அதனைச் சிறிதென்று ஒதுக்கவில்லை. அரைத்துக் கஞ்சியிற் கலந்து, பிக்குகள் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கச் செய்தார்.