பூசிய சுவரும் போட்ட வீதியும்

பல ஆண்டுகள் உழைக்கவேண்டுமென்று போடப்பட்ட வீதி இரண்டு மழைக்காலத்துக்குள் குழியாகிப்போனால், பழியை மழையின்மேல் சுமத்திவிடுவது நமது வழக்கம். பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியிலுள்ள கெலிஓயாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மழைக்குக் குறைவில்லை. இரு பருவக்காற்றும் இங்கே நீரைக் கொணர்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் மலைநாட்டு வீதிகள் பலவற்றைச் சிதைத்தன. அத்தகைய பேரழிவின் முன் நல்ல வீதியும் நில்லாது என்பது மெய்யே. ஆனால் வழமையான மழைக்கே உடைந்துபோகும் வீதிக்கு மழையா பொறுப்பு? மழை பெய்யும் என்பது வீதி போடுமுன்பே யாவரும் அறிந்ததல்லவா?

இதை ஆராயும் பொறியியலாளர் மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவு கூறுவதில்லை. வீதியை வட்டமாகத் துளைத்து, தார்ப்படையில் ஒரு துண்டை வெளியே எடுத்து, அதன் தடிப்பையும் இறுக்கத்தையும் அளக்கிறார்கள். கீழேயுள்ள கற்படையையும் மண்ணையும் சோதிக்கிறார்கள். அப்பொழுது வெளிப்படும் குறைகள் பெரும்பாலும் இவையே: குறித்த தடிப்பு இராது. கலவை சூடு ஆறுமுன் ரோலரால் போதியளவு அழுத்தப்படாததால் இடைவெளிகளூடாக நீர் இறங்கியிருக்கும். ஓரத்துக் கான் அடைபட்டு அடிமண் ஊறி வலுவிழந்திருக்கும். குழாய் பதிக்க வெட்டிய இடம் இறுக்கி மூடப்பட்டிராது. அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய லொறிகள் ஓடியிருக்கும்.

அப்படியானால் இது யாருடைய பாவம்? கொந்தராத்துக்காரர், "அரை அங்குலந்தானே குறைத்தேன்" என்பார். மேற்பார்வையாளர், "ஒரு கையொப்பந்தானே" என்பார். லொறிக்காரர், "கொஞ்சம் மணல்தானே கூட ஏற்றினேன்" என்பார். கானுக்குள் குப்பை கொட்டிய வீட்டுக்காரர் தம்மைப்பற்றி நினைக்கவே மாட்டார். ஒவ்வொருவருடைய பங்கும் சிறிது. ஆகவே எவரும் குற்றவாளியல்லர் என்று தோன்றுகிறது.

சிறிது என்பது உண்மையில் சிறிதுதானா? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், ஒட்டாவா நகரருகே, சோதனைக்கென்றே வீதிகளை அமைத்து, அவற்றின்மேல் லொறிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சொன்றின் பாரம் இரு மடங்கானால், வீதிக்கு நேரும் சேதம் இரு மடங்கன்று, ஏறக்குறைய 16 மடங்கு என்று அச்சோதனை காட்டியது. அக்கணக்கின்படி நூற்றுக்கு 20 பங்கு மட்டும் கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகிறது! ஏற்றியவர் கண்ட இலாபமோ ஐந்திலொரு பங்கு. ஊர் அடைந்த நட்டம் அதைவிட எத்தனையோ பெரிது. நாம் பெற்ற ஆதாயத்தைக்கொண்டு நமது குற்றத்தை அளப்பது தவறு. அயலான் அடைந்த கேட்டைக்கொண்டே அதனை அளக்கவேண்டும்.

ஏழாம் கட்டளை பெட்டியை உடைத்துத் திருடுவதை மாத்திரம் விலக்கவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2409ஆம் பிரிவில், இலஞ்ச ஊழலோடு சேர்த்து, மோசமாகச் செய்யப்பட்ட வேலையையும் இக்கட்டளைக்கு மாறானதென எண்ணுகிறது. பொதுச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைப்பவர் அதற்கு ஈடு செய்யவேண்டுமென்றும் அதே பிரிவு கற்பிக்கிறது. இறைவாக்கினர் எசேக்கியேலின் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். உறுதியற்ற சுவருக்கு வெள்ளை பூசி மறைத்தவர்களை ஆண்டவர் அங்கே கண்டிக்கிறார். மழை வந்தபோது சுவர் விழுந்தது, அத்திவாரம் வெளிப்பட்டது. அந்த மழை செய்ததெல்லாம் மறைந்திருந்ததைக் காட்டியது மட்டுமே.

"பொதுச் சொத்துத்தானே, யாருக்கென்று திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்போர் உளர். வீதிக்கு உரியவர்கள் யாரென்று தெரியாதா? தோட்டத்திலிருந்து பிரசவ வேதனையோடு ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லப்படும் தாய் ஒருத்தி. அன்றாட உழைப்பை முச்சக்கரவண்டியின் திருத்தத்துக்கே கொடுத்துவிடும் குடும்பத் தலைவன் ஒருவன். குழியை விலக்கப்போய் விழுந்து காலொடிந்த இளைஞன் ஒருவன். உப்புக்கும் பருப்புக்கும் வரி கொடுத்து அந்த வீதிக்குப் பணம் தந்தவர்களும் இவர்களே.

அடுத்தமுறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நமது தொழிலையும் மனச்சாட்சியின்முன் கொண்டுவருவோம். மூடிவிட்டால் தெரியாது என்று நாம் குறைத்தது எது? பாராமலே கையொப்பமிட்டது எது? அதனைக் குருவிடம் சொல்வதோடு நின்றுவிடாமல், குறைத்ததை நிறைவுசெய்யும் வழியையும் தேடுவோம். இன்று மாலையே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: நம் வாசலுக்கு முன்னுள்ள கானைத் துப்புரவாக்குவோம்.