உறைந்த எண்ணெய்

மார்கழி.
பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். மலையூரான பிக்கட்டியில் காலை வேளையில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே வந்த புதிதில் குறுகிய வாய்ப் பாட்டிலுக்குள் கொண்டை ஊசியை விட்டுக் குடைந்திருக்கிறேன். இப்போது அகல வாய் டப்பாதான் வாங்குகிறேன். அதை வெந்நீர்ச் செம்பில் நிறுத்திவிட்டு, எண்ணெய் ஓரத்திலிருந்து கண்ணாடிபோலத் தெளிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மிஞ்சும். அது கரைவதற்குள் தோசைக்கல்லை மறந்துபோன நாட்களும் உண்டு.

உச்சந்தலையில் ஊற்றித் தேய்ப்பதுதான் எண்ணெய் வைப்பது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் காய்ந்து கிடப்பது நுனிதான். இடுப்பு வரை தொங்கும் முடியின் நுனி ஐந்தாறு வருஷத்துப் பழசு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தானே வளர்கிறது. தலைக்குக் குளிக்குமுன் நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவினால் முடியின் புரதம் குறைவாகவே வெளியேறுகிறது என்று 2003-இல் ரெலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எண்ணெய் விற்கும் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் செய்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைக்கிறேன். என் பாட்டி எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. அவளும் இதையேதான் செய்தாள்.

இந்த மலையின் தோடர் பெண்கள் எருமை வெண்ணெயைத் தடவிக் கூந்தலைச் சுருள் சுருளாகத் தோளில் விடுவார்கள். கட்டியாக இருந்தாலும் கைச்சூட்டுக்கு இளகுகிற பொருள். குளிரூரில் அதைவிடத் தோதானது வேறென்ன இருக்க முடியும்?

தை.
பள்ளிக்கூட நாள். மகளுக்கு இரட்டைச் சடை, ரிப்பன். நடு வகிடு எடுப்பதற்குள் இரண்டு தடவை திரும்பிவிட்டாள்.

“வலிக்குதும்மா.”

“ஆடாம இருடி, வகிடு கோணுது.”

வலித்தது என் தப்புதான். சிக்கை மேலிருந்து இழுத்தேன். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே நாலு விரல் அளவு சீவி, பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே என்று ஏற வேண்டும். ஈரமுடியில் பல் நெருங்கிய சீப்பைப் போடவே கூடாது; நனைந்த முடி ரப்பர்போல இழுபட்டு அறுந்துவிடும். பின்னலையும் இறுக்கிவிடுகிறேன். தினமும் நெற்றிமயிரை இழுத்துக் கட்டினால் வகிடு அகன்று நெற்றி ஏறும். பின்னல் குலையாமல் சாயங்காலம் வீடு வந்தால் அம்மாவுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது பிள்ளையின் நெற்றி.

கொழுந்தெடுக்கப் போகிற பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சடை சரிப்படாது. பிடரியில் தாழ்த்தி ஒரு கொண்டை, அதன்மேல் துண்டு. ஊசி கிடையாது. முடியை விரலில் சுற்றி அதற்குள்ளேயே செருகிவிடுவார். எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அரை நிமிஷம். எனக்கு நாலு தடவை அவிழ்ந்தது.

ஆடி.
மூன்று நாளாக மஞ்சூர்ப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டே இருக்கிறது. தலைக்குக் குளித்தால் காயாது. காயாத முடியைக் கட்டினால் உள்ளே புழுங்கி நாறும், அரிக்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் சாம்பிராணி போட்டுக் கூந்தலைப் பிரித்துக் காட்டுவார்கள். இங்கே அடுப்படியில் முதுகைக் காட்டி உட்காருகிறோம். துவாலையால் முறுக்கித் தேய்க்காமல், பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஒற்றுவதற்கும் பொறுமை வேண்டியிருக்கிறது, கை தானாகத் தேய்க்கத்தான் போகிறது.

இன்றைக்கு வெயில் பதினொரு மணிக்கு வந்தது. சீயக்காயைக் கரைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி மூடிக்கொண்டது. அவளுக்குக் காய்ந்துவிட்டது. எனக்கு நுனி இன்னும் ஈரம்.