கொள்ளியில் பிறந்த சொல்

இந்தியில் ‘அலாவ்’ என்றால் குளிர்காய மூட்டும் தீ. பிரேம்சந்தின் ‘பூஸ் கீ ராத்’ கதையில், வயலுக்குக் காவல் கிடக்கும் ஏழைக் குடியானவன் ஹல்கு, மாந்தோப்புச் சருகைக் கூட்டிப் பற்றவைத்துக் கையை நீட்டுவானே, அதுதான் அலாவ். வெயில் காய்கிற சங்கரன்கோவில் சீமையில் குளிர்காயத் தீ எதற்கு? இங்கே தீ மூட்டுவது சாமிக்கு. கார்த்திகைத் தீபத்தன்று பனந்துண்டை நட்டு, ஓலை சுற்றிக் கொளுத்துகிறார்களே, சொக்கப்பனை!

அலாவ் எங்கிருந்து வந்தது? பாரசீகத்திலும் ‘அலாவ்’ உண்டு, பொருள் தீச்சுடர். துருக்கியில் ‘அலேவ்’. அந்த வழியாக வந்தது என்பது ஒரு கட்சி. சமஸ்கிருத ‘அலாத’த்திலிருந்து பிறந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே நிற்கும் தகரம் பிராகிருதத்தில் நழுவிவிடும் என்பதால் அதற்கும் நியாயம் இருக்கிறது. வழக்கை இலக்கணக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆன்மீகத்துக்கு வேண்டியது அலாதம்.

அலாதம் என்றால் கொள்ளிக்கட்டை. ஆதிசங்கரரின் குருவுக்குக் குரு கௌடபாதர். மாண்டூக்ய உபநிடதத்துக்கு அவர் எழுதிய காரிகையின் நான்காம் பகுதிக்கே ‘அலாதசாந்தி’ என்றுதான் பெயர், 100 சுலோகங்கள். கொள்ளியைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறது. நிறுத்தினால் வட்டத்தைக் காணோம். அது எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவுமில்லை என்கிறார்.

கார்த்திகையில் மாவளி சுற்றிய பையனுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆண்பனையின் பூக்கதிரைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கிக் கட்டி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கங்கிட்டுச் சுழற்றுவான். பொறிகள் தலையைச் சுற்றிக் குடை விரிக்கும். கை ஓய்ந்தால் மிஞ்சுவது மட்டையும் ஒரு சிட்டிகைக் கங்கும்தான்.

சங்கரன்கோவில் தலபுராணத்து நாகர்கள் சங்கனும் பதுமனும் இதைப் பார்க்கவில்லை போலும். சிவனா திருமாலா, யார் பெரியவர் என்று மல்லுக்கு நின்றார்கள். கோமதி அம்மன் தவமிருந்தாள். ஆடித்தபசன்று ஒரு பாதி சங்கரன், மறுபாதி நாராயணனாக ஒரே உருவம் வந்து நின்றது. இந்தச் சீமையின் ஐம்பூதத் தலங்களில் இந்த ஊர் மண்ணுக்குரியது, பிரசாதமே புற்றுமண். நெருப்புக்குரிய தலம் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்.

சொக்கப்பனை எரிந்து சரிந்ததும் கூட்டம் உடனே கலையாது. சூடு தணியக் காத்திருந்து கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வயலுக்குப் போகும்.