குப்பைக் கூடையும் நிய்யத்தும்

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் மறுசுழற்சியைப் பற்றிப் படிக்கிறார்கள். தேர்விலும் நன்றாக எழுதுகிறார்கள். ஆயினும் விடுதி அறையில் காகிதமும், கண்ணாடிப் புட்டியும், எஞ்சிய சோறும் ஒரே வாளியில் கிடக்கின்றன. இல்ம் இருந்தும் அமல் ஏன் வரவில்லை? இது புதிய கேள்வியன்று. ஹலால், ஹராம் அறிந்தோர் அனைவரும் அதன்படி நடந்துவிடுகிறார்களா?

மனிதனின் செயலை உருவாக்குபவை மூன்று என ஐசெக் அய்ஸன் என்னும் உளவியல் அறிஞர் 1991இல் எடுத்துரைத்தார். அச்செயலைப் பற்றி அவன் கொண்ட கருத்து. அவனுக்கு வேண்டியவர்கள் அவனிடம் எதிர்பார்ப்பது. அது தன்னால் இயலும் என்ற எண்ணம். மாணவர்களின் மறுசுழற்சிப் பழக்கத்தை ஆராய்வோர் பலர் இதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கருத்து நல்லதாக இருந்தாலும், கூடை தொலைவில் இருந்தால் கால் சோம்பும். அறைத் தோழன் சிரித்தால் மனம் கூசும்.

அப்படியானால் ஓர் ஐயம் எழலாம். கூடை அருகில் இருந்ததாலும், தோழர்கள் செய்ததாலும் ஒருவன் செய்தது நற்செயலாகுமா?

பள்ளிவாசல் அருகில் இருப்பதும், நண்பர் வந்து அழைப்பதும் ஜமாஅத் தொழுகைக்கு உதவுகின்றன. அதனால் தொழுகையின் மதிப்புக் குறைவதில்லை. சூழல் வழியை எளிதாக்கும். அச்செயலை இபாதத்தாக உயர்த்துவதோ நிய்யத்துதான். ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதல்லவா?

இங்கே எந்த நிய்யத் வேண்டும்? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். குழம்பு ஊறிய காகிதம் மறுசுழற்சிக்கு உதவாது. சோற்றுக்குள் மறைந்த கண்ணாடித் துண்டோ, அதைப் பிரித்தெடுக்கும் தொழிலாளியின் கையைக் கிழிக்கும். அந்தக் கைக்கு நம்மீது ஹக்கு உண்டு. குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்குமாறு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அதற்கு வெகுகாலம் முன்பே, பிறருக்குத் தீங்கிழைக்காதே என்று மார்க்கம் கூறிவிட்டது.

பெற்றோர்களே! பிள்ளை பதினெட்டு வயதில் விடுதிக்குச் செல்லும்போது பெட்டியுடன் வீட்டுப் பழக்கத்தையும் எடுத்துச் செல்கிறான். அடுப்படியில் ஈரக் குப்பைக்கு ஒரு வாளி, உலர்ந்ததற்கு ஒரு வாளி வையுங்கள். வலீமா விருந்து முடிந்ததும் இலையையும் தண்ணீர்ப் புட்டியையும் வெவ்வேறாகச் சேர்க்கச் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளராக இருப்போர் மாடிதோறும் கூடை வைக்கட்டும். நன்மைக்கு வழி அமைப்பவருக்கும் அதில் பங்குண்டு.

மாணவத் தம்பிகளே! கூடை தொலைவில் இருக்கும் நாளும் வரும். தோழர்கள் கேலி செய்யும் நாளும் வரும். பார்ப்பவர் எவருமில்லாத அந்த நடையை அல்லாஹ் பார்க்கிறான் என்ற நினைவே இஹ்ஸான். அன்று நீங்கள் நடக்கும் பத்து அடிகள்தாம் பழக்கத்தை அமலாக்கும்.

இல்மையும் அமலையும் ஒன்றாக்கி வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.