யார் வரவில்லை?

பள்ளியைத் திறக்க அரசாணை போதும். திறந்த கட்டடம் பழையபடி பள்ளிக்கூடம் ஆவதற்கு அது போதாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டிய கதவு தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 2021 ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தன. பிறகு இரண்டாம் அலை, மறுபடியும் பூட்டு. செப்டம்பர் 1-இல் பெரிய வகுப்புகள். நவம்பர் 1-இல்தான் ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள்.

திண்டுக்கல் பக்கம் கன்னியர் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியை. கிறிஸ்தவள் அல்ல. என் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அப்படித்தான். ஆனாலும் பகல் பன்னிரண்டு மணிக்கு மூவேளை ஜெப மணி அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்போம். பொதுத்தேர்வுக்கு முன் மாதா கெபியில் ஹால் டிக்கெட்டை வைத்து எடுக்காத பிள்ளை கிடையாது, நெற்றியில் திருநீறு இருந்தாலும் சரி, தலையில் முக்காடு இருந்தாலும் சரி. இந்தப் பள்ளியின் விசுவாசம் எதில் இருக்கிறது என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை. கூட்டம் கூடாதே என்று ஊரே சொன்ன காலத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

திரும்பி வந்தபோது காலை வழிபாடு இல்லை. அறைக்கு இருபத்தைந்து பேர், எல்லார் முகத்திலும் மாஸ்க். கெபியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஜெபம் ஒலிபெருக்கியில் வந்தது. யார் கூடச் சொல்கிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

திருச்சபைக்கே அது சோதனைக் காலம்தான். 2020 மார்ச் 27-ஆம் தேதி மழையில் நனைந்த வெறும் வத்திக்கான் சதுக்கத்தைப் பார்த்து நின்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகத்துக்கு ஆசி வழங்கினார். எங்கள் சிஸ்டர்மார் தங்களுக்குத் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் மாதா டிவியில் ஞாயிறு பூசை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் சபை இறங்கி வரவில்லை. பூசையைத் திரையில் பார்க்கலாம், நற்கருணையைத் திரையில் வாங்க முடியாது. பாவசங்கீர்த்தனம் போனில் செல்லாது. வெளியில் நிற்கிற எனக்கு அது வறட்டுச் சட்டமாகப் படவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பிய எந்த ஆசிரியைக்கும் அதன் பொருள் விளங்கும். இரண்டு நீலக்குறி விழும், பிள்ளை வந்திருக்காது. சில பிள்ளைகளுக்கு அந்த நீலக்குறிகூட விழவில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது.

வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே எச்.எம். சிஸ்டர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரே தலைப்புதான்: "வராதவர்கள்". மாலையில் வீடுவீடாகப் போனோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "அவன் கொண்டாற காசுலதான் சிஸ்டரு வட்டி கட்டுறோம்." கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சிஸ்டர் சொல்லவில்லை. "சந்தை எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். மறுநாள் முதல் இரண்டாம் பீரியடிலிருந்து அவனுக்கு வருகை போட ஏற்பாடாயிற்று. சில நாள் வந்தான், சில நாள் வரவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கல்யாணமாகிப் போயிருந்த பெண்ணும் உண்டு. தாளில் இருந்த எல்லாப் பெயரையும் அடிக்க முடிந்தது என்று சொன்னால் அது பொய்.

சின்ன வகுப்புகள் திறந்த மறுநாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இறந்தோருக்காக ஜெபிக்கிற நாள். பள்ளி பூட்டியிருந்த காலத்தில் பிள்ளைகள் வீட்டில் யார் யார் தவறினார்கள் என்று, ஜெபத்தில் வாசிப்பதற்காக வகுப்பாசிரியர்களிடம் பட்டியல் கேட்டிருந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு அறிவித்த நிதிக்காக மனு எழுதும்போதே பாதிப் பெயர்கள் எங்களுக்குத் தெரிந்திருந்தன. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்கப்பா பேரையும் வாசிப்பாங்களா மிஸ்? நாங்க சர்ச்சுக்குப் போக மாட்டோமே." வாசித்தார்கள். மூன்று மதத்துப் பெயர்களும் அகர வரிசையில் கலந்து ஒலிபெருக்கியில் வந்தன. தகப்பன் பெயர் வந்ததும் அவள், வருகைப் பதிவுக்கு எழுவதைப் போலச் சட்டென்று எழுந்து நின்றாள். பக்கத்துப் பிள்ளைகளும் எழுந்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் உறவுக்காரப் பெண்ணின் மகன் வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் படித்தான். கட்டணம் பாக்கி என்று ஆன்லைன் வகுப்புக் குழுவிலிருந்து அவன் எண்ணை எடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளியின் வாசலிலும் சிலுவை உண்டு, காலையில் ஜெபமும் உண்டு. அங்கேயும் ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் பட்டியல் ஆளைத் தேடிப் போவதற்கு, அவர்களுடையது ஆளைக் கழித்துக் கட்டுவதற்கு. ஜெபம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போன உவமை லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வருகிறது. மேய்ப்பன் தேடிப் போனதைத்தான் எல்லாரும் பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. அவன் எண்ணியிருக்கிறான். எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றுதான், நூறும் ஒன்றுதான். கூடி நிற்பது எதற்கு என்றால் இதற்குத்தான். நாலு பேர் தினமும் ஒரே இடத்தில் நின்றால்தான் ஐந்தாவது ஆள் வரவில்லை என்று தெரியும். கோயிலோ, மசூதியோ, பள்ளிக்கூட மைதானமோ, கூட்டத்தின் பலன் அங்கே வந்தவர்களைவிட வராதவர்களுக்கே அதிகம்.

இன்று வழிபாடு மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. கெபியைச் சுற்றியிருந்த கயிறும் போய்விட்டது. வருகைப் பதிவு மட்டும் செல்போன் செயலிக்கு மாறிவிட்டது. ஆப்சென்ட் என்று தொட்டால் செயலியின் வேலை முடிந்தது. நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிற ஒருவராவது ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாத பள்ளியில் மூவேளையும் மணி அடித்தாலும் அது நேரம் காட்டுகிற மணிதான்.