ஏட்டுப் புலி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிச் சிரிக்கிறோம். சுரைக்காய் போனால் போகிறது, சந்தையில் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். ஏட்டில் இருப்பது புலியானால்?

ராஜஸ்தானத்தில் அல்வார் ஜில்லாவில் சரிஸ்கா என்றொரு காடு இருக்கிறது. ஒரு காலத்தில் அல்வார் மகாராஜாக்கள் வேட்டையாடிய இடம். பிற்பாடு புலிக் காப்பகமாயிற்று. 2004-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே 16 முதல் 18 புலிகள் வரை வசித்தன. 2005-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேடியபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டை அவற்றைத் தீர்த்துக் கட்டியிருந்தது.

அந்நாளில் புலியை அதன் காலடியைக் கொண்டுதான் எண்ணினார்கள். மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்துக் கோடு வரைந்து, அதைக் காகிதத்தில் பிரதி எடுத்துக்கொள்வார் காவலர். ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் விழும். ஒன்றை இரண்டாக எண்ணிவிட அதில் இடமுண்டு. இல்லாததைப் பதினாறாக எண்ண எந்த முறையிலும் இடமில்லையே! 2005-ல் சுனிதா நாராயண் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்தது. காவலர்கள் கண்ணால் கண்ட புலிகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கணக்கெடுப்பில் எழுதிய எண்ணிக்கையோ வெகு காலம் அசையாமல் நின்றிருக்கிறது. ஆக, ஒரே காட்டுக்கு இரண்டு கணக்குகள்: கண்டது ஒன்று, மேலே போனது ஒன்று.

இல்லாத மனிதர்களை இருப்பதாக எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆகையால் இந்த ஏட்டின் மீது எனக்கு ஒரு தொழில்முறை அக்கறை உண்டு. என் கதையைப் படிப்பவர் அது கதை என்று தெரிந்தே படிக்கிறார். எங்களுக்குள் அப்படி ஓர் உடன்படிக்கை. சரிஸ்காவின் கணக்கைப் படித்தவர்களிடம் அந்த உடன்படிக்கையை யாரும் சொல்லவில்லை.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவர் சலுகை தந்திருக்கிறார். இந்தப் பொய்யையும் அந்தச் சலுகைக்குள் நுழைத்துவிடலாம் போலத்தான் முதலில் தோன்றும். எண் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். குறையாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. மேலதிகாரிக்குச் சந்தோஷம், காவலருக்கு வேலை பத்திரம், புலிக்கோ படிக்கத் தெரியாது. யாருக்கு நஷ்டம்? ஆனால் ஏட்டில் புலி இருக்கும்வரை காட்டில் அதைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. துப்பாக்கிக்காரனுக்கு இதைவிட நல்ல மறைவு ஏது? ஆறு புலிதான் மிச்சம் என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த ஆறாவது தப்பியிருக்கக்கூடும்.

பொய் யாருடையது? கையெழுத்துப் போட்டவரைப் பிடிப்பது சுலபம். ஆனால் வேறு எந்த எண்ணையும் கேட்கச் சம்மதிக்காத காது ஒன்று மேலே இருந்தால், கீழே இருப்பவர் அந்தக் காதுக்கு ஏற்றபடிதான் பேசுவார். பெரும் பங்கு அந்தக் காதுக்கே என்பேன். அதற்காகக் காவலரை முழுதாக விட்டுவிடவும் மனம் வரவில்லை. கணக்குப்பிள்ளை நம் நிலத்தைத் தப்பாக எழுதினால் மனுப் போடுகிறோம், வழக்காடுகிறோம். புலிக்கு அந்தக் காட்டில் அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பிறகு முறை மாறிற்று. காட்டுத் தடங்களில் காமிரா வைத்து, வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்கிறார்கள். ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இராது. 2001-02-ல் காலடிக் கணக்கில் நாடெங்கும் 3,642 புலிகள். 2006-ல் புது முறையில் எடுத்த கணக்கு 1,411 என்றது. எத்தனை செத்தன, எத்தனை பிறக்கவே இல்லை என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. 2022-ல் 3,682 என்று மதிப்பிட்டார்கள். அவற்றில் 3,080 புலிகளுக்குப் படம் உண்டு. மீதி அனுமானம் என்பதையும் ஒளிக்கவில்லை. இந்த ஒளிக்காமைதான் எனக்குக் காமிராவைவிடப் பெரிதாகப் படுகிறது.

2008-ல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் சரிஸ்காவுக்குப் புலிகளைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ரேடியோப் பட்டை; அவை எங்கே திரிகின்றன என்று தொடர்ந்து குறித்து வந்தார்கள். முதலில் வந்த ஆண் புலி 2010 நவம்பரில் விஷத்தால் மாண்டது. இந்தத் தடவை அதன் சாவு ஏட்டில் ஏறியது.