எல்லாம் சார்பு எனில் உண்மை எங்கே?

"எல்லாம் சார்புதான் என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார். உமது பகுத்தறிவு உமக்கு. எமது நம்பிக்கை எமக்கு. இதில் மெய் எது, பொய் எது?" என்று வினவுவோரை மேடையிலும் காண்கிறோம், தேநீர்க் கடையிலும் காண்கிறோம். கேட்க இனிக்கும் வாதம்! ஆனால், 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னது இதுதானா?

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் நின்று உள்ளங்கையை விரியுங்கள், தோழர்களே! ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக, மியூவான் எனும் துகள்கள் அதனூடே பாய்ந்து செல்கின்றன. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்கும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பவை அவை. அசையாது நிற்கும் மியூவானின் சராசரி ஆயுள், நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் 2.2 கூறு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். வழியிலேயே மாண்டு மறைய வேண்டியவை மண்ணுக்கு வந்தது எப்படி?

நம் கணக்கில், விரைந்தோடும் மியூவானின் காலம் மெதுவாக நடக்கிறது, ஆயுள் நீள்கிறது. மியூவானோடு ஒருவர் பயணம் செய்வதாகக் கொள்வோம். அவர் கணக்கில் ஆயுள் நீளவில்லை. கடக்க வேண்டிய காற்று மண்டலமே குறுகிவிடுகிறது. காலம் வேறு, தொலைவு வேறு. ஆனால், மண்ணை வந்தடைந்ததா என்று கேட்டால் இருவரும் 'ஆம்' என்றே சொல்வர்! ஒருவர் கணக்கை மற்றவர் கணக்காக மாற்றத் திட்டமான விதியும் உண்டு. 1941இல் ரோசியும் ஹாலும் இதை அளந்து காட்டினர். நம் உதகையிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இன்றும் மியூவான்களை எண்ணி வருகிறது.

"துகளும் புலத்தின் அதிர்வே என்கிறது குவாண்டம் புலக் கோட்பாடு, ஆகவே உலகம் மாயை" என்பாரும் உளர். புலத்துக்கு ஆற்றல் உண்டு, அதை அளக்கலாம். அளவுக்கு அடங்குவது எப்படி மாயையாகும்? சார்புக் கோட்பாட்டையும் குவாண்டம் கொள்கையையும் 1928இல் ஒரே சமன்பாட்டில் இணைத்தார் டிராக். அச்சமன்பாடு சுட்டிய எதிர்த்துகளான பாசிட்ரானை 1932இல் ஆண்டர்சன் கண்டார். அறிவியல் சோதனைக்குத் தலை கொடுக்கிறது. மாயாவாதம் எந்தச் சோதனைக்கு உடன்படுகிறது?

அடித்தவனுக்கு அது நியாயம், அடிபட்டவனுக்கு அநியாயம், எல்லாம் சார்பே என்று நழுவுவோர் ஐன்ஸ்டைனைத் துணைக்கு அழைக்க வேண்டாம். பார்ப்பவர் மாறினும் மாறாத விதி எது என்று தேடியவர் அவர். நாமும், மனிதர் சமம் என்பதற்கு இயற்பியலிடம் இரவல் சான்று வாங்க வேண்டியதில்லை. அடிபட்டவனின் வேதனையே போதிய சான்று. ஆயினும் கற்க ஒன்று உண்டு. நீதி என நாம் சொல்வதை, அடிபட்டவன் நிற்கும் இடத்தில் நின்றும் சொல்ல முடிகிறதா எனப் பார்ப்போம். முடியாவிட்டால், அதற்கு நீதி என்று பெயர் சூட்டாதிருப்போம்!